கடலை ஒவ்வாமை: பிள்ளையை மருத்துவ ஆய்வில் சேர்ப்பதா, வேண்டாமா?

சாத்தே குழம்பு, ரொஜாக், பொப்பியா, நாசி லெமாக், ஐஸ் கச்சாங், ஆப்பாம் பாலிக், கச்சாங் பூத்தே. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் ஓர் உணவங்காடியைச் சுற்றி வந்தால் நிலக்கடலை இல்லாத வரிசையைக் காண்பது அரிது. நவராத்திரிச் சுண்டல், தீபாவளி மிக்சர், கோயில் பிரசாதப் பொட்டலம் என்று நம் வீட்டு விசேஷங்களிலும் அது வந்துவிடுகிறது. இந்தச் சூழலில் கடலை ஒவ்வாமை உள்ள ஒரு பிள்ளையை வளர்ப்பது எளிதான காரியம் அல்ல.

அப்படிப்பட்ட பெற்றோரிடம் ஒரு நாள் மருத்துவர், “கடலையையே சிறிது சிறிதாகக் கொடுத்து உடலைப் பழக்கும் ஆய்வு ஒன்று நடக்கிறது. உங்கள் பிள்ளையைச் சேர்க்க விருப்பமா?” என்று கேட்டால் என்ன பதில் சொல்வது? நஞ்சாக நினைத்து விலக்கி வைத்த பொருளையே பிள்ளைக்கு ஊட்டுவதா என்ற அச்சம் ஒரு பக்கம். இந்த வாய்ப்பை விட்டால் பிள்ளை வாழ்நாள் முழுவதும் பயந்தே வாழ வேண்டுமோ என்ற கவலை மறுபக்கம்.

பழக்குவதே நல்லது என்று ஒரு தரப்பும், தவிர்ப்பதே பாதுகாப்பு என்று மறு தரப்பும் வாதிடுகின்றன. இரு தரப்பிடமும் ஆய்வு முடிவுகள் இருக்கின்றன. பெற்றோர் முடிவெடுக்கும் முன் இரண்டையும் அறிந்துகொள்வது அவசியம்.

முதலில் நோயை உறுதி செய்ய வேண்டும்

உணவு ஒவ்வாமை என்பது உடலின் தற்காப்பு முறை செய்யும் தவறு. தீங்கற்ற கடலைப் புரதத்தை எதிரி என்று அது முடிவு செய்து, ‘ஐஜிஇ’ எனப்படும் எதிர்ப்பொருளை உருவாக்கி வைக்கிறது. அடுத்த முறை கடலை உள்ளே போனதும் உடலின் சில உயிரணுக்கள் ஹிஸ்டமின் போன்ற வேதிப்பொருள்களைக் கொட்டுகின்றன. உடலில் தடிப்பு, உதடு வீக்கம், வாந்தி எனத் தொடங்கும் இது, சிலருக்கு மூச்சுத் திணறலாகவும் இரத்த அழுத்த வீழ்ச்சியாகவும் மாறுகிறது. இந்தக் கடுமையான நிலையை மருத்துவர்கள் ‘அனாஃபிலாக்சிஸ்’ என்பர்.

இவ்வட்டாரத்தில் இதன் போக்கு மாறியிருப்பது குறிப்பிடத்தக்கது. 1990களில் சிங்கப்பூர்ச் சிறாரிடையே உணவால் ஏற்பட்ட அனாஃபிலாக்சிஸுக்கு முதல் காரணமாக இருந்தது பறவைக் கூடு. 1999இல் வெளியான ஆய்வு அதைப் பதிவு செய்தது. 2013இல் வெளியான மற்றோர் ஆய்வில் நிலக்கடலை முதலிடத்துக்கு வந்துவிட்டது. மேலை நாட்டு நோய் என்று ஒதுக்கிவிட முடியாத நிலை இது.

ஆனால் தோல் பரிசோதனையிலோ இரத்தப் பரிசோதனையிலோ ‘ஆம்’ என்று வந்துவிட்டால் மட்டும் ஒவ்வாமை உறுதியாகிவிடாது. எதிர்ப்பொருள் இருந்தும் கடலையைத் தாராளமாகச் சாப்பிடும் பிள்ளைகள் உண்டு. சாப்பிட்டபோது என்ன நடந்தது என்ற வரலாறும், தேவைப்பட்டால் மருத்துவமனையில் கண்காணிப்புடன் சிறிது சிறிதாக உண்ணக் கொடுத்துப் பார்க்கும் உணவுச் சோதனையுமே உறுதிப்படுத்தும்.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பால், முட்டை ஒவ்வாமை உள்ள குழந்தைகளில் பெரும்பாலோருக்கு வளர வளர அது தானாகவே மறைகிறது. கடலையில் அந்த அதிர்ஷ்டம் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குத்தான். எனவே எந்த உணவு, பிள்ளைக்கு என்ன வயது, பரிசோதனை அளவுகள் ஏறுகின்றனவா இறங்குகின்றனவா என்று பார்க்காமல் சிகிச்சையைப் பற்றிப் பேசுவதில் பொருளில்லை. தானாகப் போகவிருக்கும் ஒன்றுக்குப் பிள்ளையைச் சிரமப்படுத்த வேண்டியதில்லை.

பழக்கும் சிகிச்சை எப்படி நடக்கிறது?

இதை வாய்வழி நோய் எதிர்ப்புச் சிகிச்சை என்கிறார்கள். கடலை மாவை மிகத் துல்லியமாக நிறுத்து, கஞ்சியிலோ தயிரிலோ பழக்கூழிலோ கலந்து கொடுப்பார்கள். தொடக்கம் சில மில்லிகிராம் புரதம்தான். ஒரு கடலைப் பருப்பில் ஏறத்தாழ 250 முதல் 300 மில்லிகிராம் புரதம் இருக்கிறது. அப்படியானால் முதல் அளவு ஒரு பருப்பின் நூற்றில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம்.

முதல் நாள் மருத்துவமனையில் கொடுத்துப் பார்ப்பார்கள். பிறகு அதே அளவைத் தினமும் வீட்டில் கொடுக்க வேண்டும். பெரும்பாலும் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை மருத்துவமனைக்குப் போய், தாதியர் முன்னிலையில் அடுத்த அளவுக்கு ஏற வேண்டும். ஏறும் படலத்துக்கு ஏறக்குறைய ஆறு மாதம் ஆகும். நடுவில் தடங்கல் வந்தால் இன்னும் நீளும். இறுதி அளவை எட்டிய பின்னும் அதைத் தினமும் உட்கொண்டே வர வேண்டும்.

இதை நோக்கம் அறிந்து ஏற்க வேண்டும். பிள்ளை சாத்தே கடையில் உட்கார்ந்து கடலைக் குழம்பை ஊற்றிச் சாப்பிட வேண்டும் என்பது பெரும்பாலான ஆய்வுகளின் இலக்கு அல்ல. தெரியாமல் ஒன்றிரண்டு பருப்பு அளவு உள்ளே போய்விட்டாலும் ஆபத்து வராமல் இருக்க வேண்டும் என்பதே இலக்கு. சிகிச்சையில் இருக்கும்போதும் உணவுப் பொட்டலத்தின் விவரச் சீட்டைப் படிப்பதும் கடைக்காரரிடம் கேட்பதும் தொடரும்.

பழக்கலாம் என்போரின் வாதம்

இந்தத் தரப்பின் கையில் உள்ள வலுவான ஆதாரம், ‘பாலிசேட்’ என்ற பெயரில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நடந்து 2018இல் வெளியான ஆய்வு. அதில் முக்கியமாகக் கணக்கிடப்பட்டவர்கள் 4 வயது முதல் 17 வயது வரையிலான 496 பேர். அவர்களில் 372 பேருக்கு உண்மையான கடலை மாவும் 124 பேருக்குப் போலி மாவும் கொடுக்கப்பட்டன. சேரும்போது இவர்கள் அனைவரும் 100 மில்லிகிராமுக்குள்ளேயே ஒவ்வாமை கண்டவர்கள். ஏறத்தாழ ஓராண்டு முடிவில், 600 மில்லிகிராம் புரதத்தை, அதாவது சுமார் இரண்டு பருப்பை, ஒரே வேளையில் தாங்கியவர்கள் மருந்துக் குழுவில் 67.2 விழுக்காடு. போலி மாவுக் குழுவில் 4 விழுக்காடு மட்டுமே.

இந்த வேறுபாட்டைச் சாதாரணமாக எண்ண முடியாது. அரைப் பருப்புக்கும் குறைவானதைத் தாங்க முடியாத பிள்ளை இரண்டு பருப்பைத் தாங்குகிறது. பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் கரண்டி மாறியதாலோ, விருந்தில் ஒரே எண்ணெயில் பொரித்ததாலோ உள்ளே போகக்கூடிய அளவு பெரும்பாலும் இதற்குள் அடங்கும். இந்த ஆய்வின் அடிப்படையில்தான் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2020 ஜனவரியில் ‘பால்ஃபோர்சியா’ என்ற கடலை மாவு மருந்தை 4 முதல் 17 வயதினருக்கு அங்கீகரித்தது. உணவு ஒவ்வாமைக்காக அங்கீகாரம் பெற்ற முதல் சிகிச்சை அதுவே.

மனநிலையையும் இந்தத் தரப்பு சுட்டிக்காட்டுகிறது. பிறந்தநாள் விருந்துக்கு அனுப்பப் பயம், பள்ளி முகாமுக்கு அனுப்பப் பயம், விமானத்தில் ஏறப் பயம் என்று வளரும் பிள்ளை ஒதுங்கிப் போகிறது. ஓரளவு தாங்கும் சக்தி வந்துவிட்டது என்ற நம்பிக்கையே குடும்பத்துக்குப் பெரிய ஆறுதல் என்பது அவர்கள் வாதம்.

தவிர்ப்பதே மேல் என்போரின் வாதம்

மறு தரப்பு, அதே ஆய்வின் மற்றப் பக்கத்தைப் புரட்டுகிறது. மருந்துக் குழுவில் 11.6 விழுக்காட்டினர் பக்கவிளைவுகள் தாங்காமல் விலகினர். போலி மாவுக் குழுவில் அது 2.4 விழுக்காடு. உணவுச் சோதனை நாள்கள் அல்லாத மற்ற நாள்களில் அவசர ஊசியான எபிநெஃப்ரின் தேவைப்பட்டவர்கள் மருந்துக் குழுவில் 14 விழுக்காடு, போலி மாவுக் குழுவில் 6.5 விழுக்காடு.

2019இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளியான ஆய்வுத் தொகுப்பு இதைவிடக் கூர்மையானது. கடலைக்கான வாய்வழிச் சிகிச்சை பற்றிய 12 ஆய்வுகளை, மொத்தம் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் விவரங்களை, அது ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தது. சிகிச்சை பெற்றவர்களில் 22.2 விழுக்காட்டினருக்கு அனாஃபிலாக்சிஸ் ஏற்பட்டது. சிகிச்சை பெறாமல் தவிர்த்து வந்தவர்களில் அது 7.1 விழுக்காடு. ஒவ்வாமையைக் குறைக்கச் செய்த சிகிச்சையில் கடும் ஒவ்வாமை மூன்று மடங்கு கூடியிருந்தது. வாழ்க்கைத் தரம் மேம்பட்டதாகவும் அந்தத் தொகுப்பில் தெளிவாகத் தெரியவில்லை.

உணவு ஒவ்வாமையால் உயிர் போவது மிகவும் அரிது என்பதையும் இந்தத் தரப்பு நினைவூட்டுகிறது. ஒவ்வாமை உள்ள பத்து லட்சம் பேரை எடுத்துக்கொண்டால் ஓர் ஆண்டில் சிலர் என்ற அளவில்தான் அது இருக்கிறது. அந்த அரிய ஆபத்தை எண்ணித் தினசரிச் சிரமத்தை ஏற்க வேண்டுமா என்பது அவர்கள் கேள்வி.

இரண்டும் எப்படி உண்மையாக முடியும்?

ஒரு தரப்பு பிள்ளையின் தாங்கும் சக்தி கூடுகிறது என்கிறது. மறு தரப்பு ஒவ்வாமைத் தாக்குதல் கூடுகிறது என்கிறது. பல பெற்றோரைக் குழப்புவது இதுதான். உண்மையில் இரண்டும் முரண்பட்டவை அல்ல.

மருத்துவமனைச் சோதனை நாளில் எத்தனை பருப்பைத் தாங்க முடிகிறது என்பது ஒரு கணக்கு. ஓர் ஆண்டு முழுவதும் எத்தனை முறை ஒவ்வாமை வந்தது என்பது வேறு கணக்கு. கடலையைத் தவிர்க்கும் பிள்ளை அதை எப்போதோ ஒரு முறை, தவறுதலாகத்தான் சந்திக்கிறது. சிகிச்சையில் உள்ள பிள்ளையோ ஆண்டுக்கு 365 நாளும் சந்திக்கிறது. சந்திப்பு கூடும்போது தாக்குதலும் கூடுவதில் வியப்பில்லை.

ஆகவே இந்தச் சிகிச்சையில் நடப்பது ஒரு மாற்றம். எப்போது, எங்கே, எவ்வளவு என்று தெரியாத ஆபத்தைக் கொடுத்துவிட்டு, நேரமும் அளவும் தெரிந்த தினசரி ஆபத்தைக் குடும்பம் வாங்கிக்கொள்கிறது. வீட்டில், பெற்றோர் பக்கத்தில் இருக்கும்போது, ஊசி கையில் இருக்கும்போது வருகிற ஒவ்வாமையைச் சமாளிப்பது, பள்ளி முகாமில் இரவு பத்து மணிக்கு வருவதைச் சமாளிப்பதை விட எளிது என்று கருதுவோர் உண்டு. அதற்காகப் பிள்ளைக்கு அடிக்கடி வயிற்று வலியும் வாய் அரிப்பும் வருவது வேண்டாம் என்போரும் உண்டு. எந்த ஆபத்தைத் தங்கள் குடும்பம் தாங்கும் என்பதற்கு ஆய்வு முடிவுகளில் விடை கிடையாது. அந்தக் குடும்பம்தான் சொல்ல வேண்டும்.

நிறுத்தினால் என்ன ஆகும்?

“எத்தனை வருடம் சாப்பிட்டால் குணமாகும்?” என்பது பெற்றோர் தவறாமல் கேட்கும் கேள்வி. 120 பேரைக் கொண்டு அமெரிக்காவில் நடந்து 2019இல் வெளியான ஆய்வு இதற்கு ஓரளவு பதில் தருகிறது. இரண்டு ஆண்டுச் சிகிச்சை முடிவில், கடலை சாப்பிட்டவர்களில் 83 விழுக்காட்டினர் 4 கிராம் கடலைப் புரதத்தைத் தாங்கினர். பின்னர் முற்றாக நிறுத்தச் சொன்ன குழுவில் மூன்று மாதம் கழித்துச் சோதித்தபோது அது 35 விழுக்காடாக இறங்கியது. ஓர் ஆண்டு கழித்து 13 விழுக்காடுதான்.

எனவே பெரும்பாலோருக்கு இது குணமாக்கும் சிகிச்சை அல்ல. சாப்பிட்டுக்கொண்டே இருக்கும்வரை காக்கும் கவசம். பிள்ளை பதினாறு வயதில் “எனக்கு அந்த வாடையே பிடிக்கவில்லை” என்று நிறுத்திவிட்டால், பட்ட பாட்டின் பலன் கரையத் தொடங்கும். அதுவும், பாதுகாப்பு இன்னும் இருக்கிறது என்று நம்பிக்கொண்டு நிறுத்துவது, தொடக்கத்திலிருந்தே தவிர்ப்பதை விட ஆபத்தானது.

வயது இதில் வேறுபாட்டை உண்டாக்குகிறது. 1 வயது முதல் 4 வயதுக்குட்பட்ட 146 குழந்தைகளைக் கொண்ட ‘இம்பாக்ட்’ ஆய்வு 2022இல் வெளிவந்தது. சிகிச்சை முடிவில் 71 விழுக்காட்டினர் 5 கிராம் புரதத்தைத் தாங்கினர். ஆறு மாதம் நிறுத்திய பிறகும் 21 விழுக்காட்டினர் அதே அளவைத் தாங்கினர். போலி மாவு பெற்றவர்களில் அது 2 விழுக்காடு. சேரும்போது வயது குறைவாகவும் எதிர்ப்பொருள் அளவு குறைவாகவும் இருந்தவர்களுக்கே அந்த நற்பலன் அதிகம் கிடைத்தது. ஆகவே இரண்டு வயதுக் குழந்தைக்கும் பதினான்கு வயது மாணவனுக்கும் ஒரே பதிலைச் சொல்ல முடியாது.

வீட்டு அன்றாடம் மாறிவிடும்

மருத்துவமனைக்குப் போய்வருவதைத்தான் பெற்றோர் முதலில் எண்ணிப் பார்க்கிறார்கள். உண்மையான சுமை வீட்டில் இருக்கிறது. வெறும் வயிற்றில் கொடுக்கக் கூடாது. கொடுத்தபின் இரண்டு மணி நேரமாவது ஓடியாடக் கூடாது, வெந்நீரில் குளிக்கக் கூடாது, உடனே தூங்கவும் கூடாது. நேற்று வரை தொந்தரவு தராத அதே அளவு, காய்ச்சல் வந்த நாளிலோ, சரியாகத் தூங்காத நாளிலோ, மாதவிடாய் நாளிலோ ஒவ்வாமையைக் கிளப்பிவிடலாம். அப்படிப்பட்ட நாள்களில் அளவைக் குறைப்பதா நிறுத்துவதா என்று ஆய்வுக் குழுவிடம் கேட்டுச் செயல்பட வேண்டும்.

மாலையில் காற்பந்துப் பயிற்சி, பிறகு டியூஷன், இரவு ஒன்பது மணிக்குச் சாப்பாடு, பத்து மணிக்குத் தூக்கம் என்று ஓடும் பிள்ளைக்கு இந்த இரண்டு மணி நேரம் எங்கே கிடைக்கும்? தாய் தந்தை இருவரும் ஷிப்ட் வேலை பார்த்தால் யார் உடனிருப்பார்? இவற்றுக்கு எழுத்தில் ஒரு கால அட்டவணை போட்டுப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்திட வேண்டும்.

ஆஸ்துமா கட்டுக்குள் இல்லாத பிள்ளையை இத்தகைய ஆய்வில் சேர்ப்பதில்லை. கடும் எதிர்விளைவு உயிருக்கு ஆபத்தாவதற்கு அது முக்கியக் காரணம். சிகிச்சையின்போது ஒரு சிலருக்கு உணவுக் குழாயில் அழற்சி ஏற்படுவதும் உண்டு. தொடர்ந்து வாந்தி, விழுங்கும்போது தடை, சாப்பாட்டில் வெறுப்பு ஆகியவை அதன் அறிகுறிகள். பிள்ளை அடம்பிடிக்கிறது என்று இவற்றை ஒதுக்கிவிடக் கூடாது.

‘கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துப் பழக்கு’ என்ற அறிவுரை

நம் குடும்பங்களில் தாத்தா பாட்டி சொல்லும் அறிவுரை இது. கேட்பதற்கு மருத்துவர் சொல்வது போலவே இருக்கிறது. அதனாலேயே இதில் ஆபத்து அதிகம்.

மருத்துவமனையில் கொடுப்பது மில்லிகிராம் கணக்கில் அளந்த மாவு. வீட்டில் ‘துளியூண்டு’ என்று நாக்கில் தடவுவது, அந்தப் பிள்ளைக்கு உச்ச அளவாக இருக்கலாம். மருத்துவமனையில் பக்கத்தில் ஊசியும் உயிர்வாயுவும் பழகிய கைகளும் இருக்கின்றன. ஒவ்வாமை உறுதியான பிள்ளைக்கு வீட்டில் யாரும் இதைத் தாங்களாக முயலவே கூடாது. ஆய்வில் சேர்ந்த பிள்ளைக்கும் குறித்த அளவுக்கு மேல் ஒரு சிட்டிகை கூடக் கொடுக்கக் கூடாது.

இன்னொரு குழப்பத்தையும் இங்கே தீர்த்துக்கொள்ளலாம். கைக்குழந்தைகளுக்குச் சீக்கிரமே கடலை கொடுப்பது நல்லது என்று பலரும் படித்திருப்பார்கள். 2015இல் வெளியான ‘லீப்’ ஆய்வு, ஒவ்வாமை வரும் வாய்ப்பு அதிகமுள்ள 640 கைக்குழந்தைகளைக் கொண்டு இங்கிலாந்தில் நடத்தப்பட்டது. தொடர்ந்து கடலை உணவு கொடுக்கப்பட்டவர்களிடம் ஐந்து வயதில் ஒவ்வாமை 81 விழுக்காடு குறைந்திருந்தது. அது ஒவ்வாமை வராமல் தடுக்கும் வழி. வந்துவிட்ட பிள்ளைக்கு அது பொருந்தாது.

ஆய்வு என்பது சிகிச்சை அல்ல

இந்த வேறுபாட்டைப் பல பெற்றோர் கவனிப்பதில்லை. சிகிச்சையில் மருத்துவர் உங்கள் பிள்ளைக்கு எது நல்லது என்பதை மட்டும் பார்த்து அளவை மாற்றுவார். ஆய்வில் எல்லாருக்கும் ஒரே விதிமுறை. அதன் நோக்கம், நாளை வரும் ஆயிரம் பிள்ளைகளுக்குப் பயன்படும் விடையைக் கண்டறிவது. அதனால் உங்கள் பிள்ளைக்கும் நன்மை கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம்.

பல ஆய்வுகளில் யாருக்கு மருந்து, யாருக்குப் போலி மாவு என்பது குலுக்கல் முறையில் முடிவாகிறது. மருத்துவருக்கும் அது தெரியாது. பல மாதம் தினமும் கொடுத்த பிறகு, அது வெறும் மாவு என்று தெரியவரலாம். மேலும், தொடக்கத்திலும் முடிவிலும் உணவுச் சோதனை உண்டு. அந்தச் சோதனையில் வேண்டுமென்றே ஒவ்வாமை வரும்வரை கொடுப்பார்கள். சிறு பிள்ளைக்கு இது அச்சம் தரும் அனுபவம் என்பதை மறைக்கத் தேவையில்லை.

ஆய்வில் சேர்வதற்கு ஆதரவாகவும் காரணங்கள் உண்டு. கண்காணிப்பு நெருக்கமாக இருக்கும். ஆய்வு மருந்துக்கும் பரிசோதனைகளுக்கும் பெரும்பாலும் கட்டணம் இருக்காது. எவ்வளவு ஆபத்து என்பதை முன்கூட்டியே எழுத்தில் தர வேண்டிய கட்டாயம் இருக்கிறது. நன்னெறிக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் ஆய்வு தொடங்க முடியாது. சிங்கப்பூரில் மருந்து ஆய்வுகளைச் சுகாதார அறிவியல் ஆணையம் முறைப்படுத்துகிறது. மலேசியாவில் சுகாதார அமைச்சின் மருத்துவ ஆய்வு நன்னெறிக் குழு பரிசீலிக்கிறது. எப்போது வேண்டுமானாலும் காரணம் சொல்லாமல் விலகலாம், விலகினால் வழக்கமான சிகிச்சை பாதிக்கப்படாது என்பது பங்கேற்பாளரின் உரிமை.

கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டியவை

ஒப்புதல் படிவத்தை அன்றே கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டியதில்லை. வீட்டுக்கு எடுத்துச் சென்று படித்து, இந்தக் கேள்விகளுக்குப் பதில் பெறுவது நல்லது.

போலி மாவு கிடைக்கும் வாய்ப்பு எத்தனையில் ஒன்று? அப்படிக் கிடைத்தால் பின்னர் உண்மையான சிகிச்சை வழங்கப்படுமா?

ஆய்வு முடிந்த மறுநாள் என்ன நடக்கும்? மருந்து தொடர்ந்து கிடைக்குமா, அல்லது கடையில் வாங்கும் கடலைக்கு மாற வேண்டுமா? அப்போது செலவு யாருடையது?

மொத்தம் எத்தனை முறை மருத்துவமனைக்கு வர வேண்டும்? அவற்றில் எத்தனை பள்ளி நாள்கள்?

இரவு பதினொரு மணிக்கு ஒவ்வாமை வந்தால் எந்த எண்ணை அழைப்பது? பேசுபவர் ஆய்வை அறிந்தவரா?

ஆய்வினால் பாதிப்பு ஏற்பட்டால் சிகிச்சைச் செலவையும் இழப்பீட்டையும் யார் ஏற்பார்? நம் சொந்தக் காப்புறுதி இதனால் பாதிக்கப்படுமா?

இந்த ஆய்வுக்குப் பணம் தருவது யார்? மருந்து நிறுவனமா, அரசாங்கமா, பல்கலைக்கழகமா?

மூன்றாவது வழியும் உண்டு

சேர்வதா அல்லது பயந்தே வாழ்வதா என்று இரண்டே வழி இருப்பதாக நினைக்க வேண்டாம். தவிர்த்தலையே ஒழுங்காகச் செய்வதும் ஒரு சிகிச்சைதான். ஊசிப் பேனா எப்போதும் பிள்ளையுடன் இருப்பது, ஆசிரியருக்கும் தாத்தா பாட்டிக்கும் அதைப் போடத் தெரிந்திருப்பது, பள்ளியில் எழுத்து வடிவில் அவசரத் திட்டம் இருப்பது ஆகியவை பல குடும்பங்களின் அச்சத்தைப் பெருமளவு குறைக்கின்றன.

புதிய வழிகளும் வருகின்றன. ஆஸ்துமாவுக்குப் பயன்பட்டு வந்த ‘ஒமாலிசுமாப்’ என்ற ஊசி மருந்து, ஐஜிஇ எதிர்ப்பொருளையே பிடித்து வைத்துக்கொள்கிறது. 2024இல் வெளியான ஆய்வில், அந்த ஊசி பெற்றவர்களில் 67 விழுக்காட்டினர் 600 மில்லிகிராம் கடலைப் புரதத்தைத் தாங்கினர். போலி ஊசி பெற்றவர்களில் அது 7 விழுக்காடு. அதே ஆண்டு பிப்ரவரியில் அமெரிக்கா ஒரு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இதை அங்கீகரித்தது. கடலையைத் தினமும் உண்ண வேண்டியதில்லை. ஆனால் இரண்டு அல்லது நான்கு வாரத்துக்கு ஒரு முறை ஊசி போட வேண்டும், விலை அதிகம், நிறுத்தினால் பாதுகாப்பும் போய்விடும். இருந்தாலும், இன்றைக்கு வேண்டாம் என்று சொல்லும் குடும்பத்துக்குக் கதவு நிரந்தரமாக மூடிவிடவில்லை என்பதற்கு இது சான்று.

பிள்ளையின் சம்மதம்

பெற்றோர் கையெழுத்திடலாம். தினமும் வாயைத் திறக்க வேண்டியது பிள்ளை. விவரம் அறிந்த வயதுப் பிள்ளையின் இசைவையும் ஆய்வாளர்கள் தனியாகக் கேட்கிறார்கள். வீட்டிலேயே அதற்கு முன் பேசிவிடுவது நல்லது. “உனக்கு எதற்குப் பயம்?” என்று கேட்டால் சில பிள்ளைகள் கடலையைச் சொல்வதில்லை. வகுப்பில் தனியாக உட்கார வைக்கப்படுவதைச் சொல்கிறார்கள். அதைத் தீர்க்க மருத்துவ ஆய்வு தேவையில்லை, ஆசிரியரிடம் ஒரு முறை பேசினால் போதும். “ஒரு நாள் தெரியாமல் சாப்பிட்டுச் செத்துவிடுவேனோ” என்று தூக்கம் வராமல் தவிக்கும் பிள்ளைக்கு நிலைமை வேறு.

எடுத்துக்காட்டுக்கு இரண்டு குடும்பங்களை எண்ணிப் பார்க்கலாம். மூன்று வயதுக் குழந்தை. சிறு துணுக்குக்கே இரு முறை மருத்துவமனை வரை போயிருக்கிறது. வீட்டில் தாய் இருக்கிறார், ஆஸ்துமா இல்லை, மருத்துவமனை அருகில். இந்தக் குடும்பம் ஆய்வைத் தீவிரமாக யோசிக்கலாம். மற்றொன்றில் பதினைந்து வயது மகன். பள்ளி ஓட்டப் பந்தய வீரன், ஆஸ்துமாவுக்கு மருந்தை ஒழுங்காக எடுப்பதில்லை. ஐந்து ஆண்டுகளாக ஒவ்வாமை வரவில்லை, கடலையை எப்படித் தவிர்ப்பது என்று அவனுக்கே தெரியும். இந்தக் குடும்பம் முதலில் ஆஸ்துமாவைக் கவனித்து, ஆய்வை ஒத்திப்போடுவதில் தவறில்லை. ஒரு குடும்பத்துக்குச் சரியாக இருப்பது மற்றக் குடும்பத்துக்குச் சரியாக இராது. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் குணமாகிவிட்டது என்ற செய்தியைக் கேட்டு யாரும் முடிவெடுக்க வேண்டாம்.

முடிவு எதுவானாலும் ஒன்று மாறாது. கடலை உண்ட பின் மூச்சுத் திணறல், குரல் மாற்றம், தொடர் இருமல், மயக்கம் ஆகியவற்றில் ஏதேனும் தோன்றினால் அரிப்பு மாத்திரையைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கக் கூடாது. எபிநெஃப்ரின் ஊசியைத் தொடையின் வெளிப்புறத்தில் உடனே போட்டு, பிள்ளையைப் படுக்க வைத்து, சிங்கப்பூரில் 995, மலேசியாவில் 999 என்ற எண்ணை அழைக்க வேண்டும். மூச்சுவிடச் சிரமமாக இருந்தால் உட்கார வைக்கலாம், எழுந்து நடக்க விடக் கூடாது. ஐந்து நிமிடத்தில் முன்னேற்றம் இல்லையென்றால் இரண்டாவது ஊசியைப் போடலாம். ஆய்வில் சேர்ந்த வீட்டிலும் சேராத வீட்டிலும் பெரியவர் ஒவ்வொருவரும் பயிற்சிப் பேனாவை வைத்து இதை ஒருமுறையாவது செய்து பார்த்திருக்க வேண்டும். பேனாவின் காலாவதித் தேதியையும் இன்றே எடுத்துப் பார்த்துவிடுவது நல்லது.